நம் ஊராட்சியில் பேட்டரி மின்சேமிப்பு நிலையம்: ஊர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊராட்சி எங்களுடையது. இங்கே 100 மெகாவாட் பேட்டரி மின்சேமிப்பு நிலையம் அமைக்க ஒரு நிறுவனம் இடம் கேட்டிருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் அதற்கான தீர்மானம் வருகிறது. நான் மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று வாரமாக மீன் ஏலம் நடக்கும் கரையிலும், ரேஷன் கடை வாசலிலும், டீக்கடையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அவற்றுக்கான பதில்கள் இவை.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிலையம் நம் மாவட்டத்துக்கு வேண்டும். ஆனால் இப்போது காட்டப்படும் இடத்தில் வேண்டாம். காகிதங்களைக் கண்ணால் பார்க்காமல் தீர்மானமும் வேண்டாம்.

இது கரன்ட் தயாரிக்கிற ஆலையா?

இல்லை. இங்கே எதுவும் எரியாது, சுழலாது, புகைபோக்கியும் கிடையாது. பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தை வாங்கி வைத்து, பொழுது சாய்ந்த பிறகு திருப்பிக் கொடுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் செய்யும் அதே வேலைதான், அளவு மட்டும் மிகப் பெரியது. பார்ப்பதற்குத் துறைமுகத்தில் அடுக்கி வைக்கும் கன்டெய்னர் மாதிரி இருபதடிப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் மின்மாற்றிகளும் இன்வெர்ட்டர்களும் இருக்கும். சுற்றிலும் கம்பி வேலி.

100 மெகாவாட், 200 மெகாவாட் மணி என்கிறார்களே, எது சரி?

இரண்டுமே சரிதான். கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறந்தால் ஒரு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் பாயும் என்பது மெகாவாட். கண்மாயில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது மெகாவாட் மணி. 100 மெகாவாட் வேகத்தில் திறந்துவிட்டால் இரண்டு மணி நேரத்தில் இந்தக் கண்மாய் வற்றிவிடும்.

200 மெகாவாட் மணி என்பது நம் மீட்டர் கணக்கில் 2 லட்சம் யூனிட். ஒரு வீடு மாலையில் 4 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்தால் 50,000 வீடுகளுக்குப் போதும். இப்போது வரும் பெரிய பெட்டி ஒன்றில் ஏறக்குறைய 5 மெகாவாட் மணி பிடிக்கும். ஆக, நாற்பது பெட்டியாவது நிற்கும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்கு இழப்பு உண்டு. அந்த இழப்பு பெரும்பாலும் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டைப் பின்னால் வரும் பதில்களுக்காக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கேயோ வைக்க வேண்டியதை ஏன் நம்ம பக்கம் கொண்டுவருகிறார்கள்?

வெயில் நம்மிடம் இருக்கிறது, அதனால்தான். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் திறக்கப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்றைக்கு உலகத்திலேயே பெரியது அதுதான். அதற்குப் பிறகும் மாவட்டத்தில் பல இடங்களில் தகடுகள் ஏறிவிட்டன. ஆனால் ஆறு மணிக்கு மேல் அத்தனையும் சும்மா நிற்கும். வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஓட ஆரம்பிப்பது அந்த நேரத்தில்தான். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் வரை போய் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் வெளிச்சந்தையில் அதிக விலை கொடுத்து மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது. பகலில் விளைவதை மாலைக்குச் சேர்த்து வைக்க முடிந்தால் அந்தச் செலவும் குறையும், நிலக்கரியும் குறையும்.

நான் வேலையில் இருந்த காலத்தில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க முடியாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மலைமேல் தண்ணீரை ஏற்றி இறக்குவது மட்டும்தான் அதற்கு விதிவிலக்கு. இன்று அது மாறியிருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். எதிர்ப்பு மனதோடு நான் இதை எழுதவில்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

செல்போன் பேட்டரியே வெடிக்கிறது. இத்தனை பெட்டி வெடித்தால் ஊர் தாங்குமா?

பயப்பட வேண்டிய கேள்விதான். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

லித்தியம் பேட்டரியில் ஒரு செல் பழுதாகிச் சூடேறினால், அந்தச் சூடு பக்கத்துச் செல்லைக் கெடுக்கும். அது அதற்கடுத்ததைக் கெடுக்கும். இப்படித் தானாகவே ஓடும் தீயை வெளியிலிருந்து மூடி அணைப்பது கடினம். எரிவதற்கு முன்பே எரியக்கூடிய வாயு பெட்டிக்குள் சேரும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 2019-இல் அப்படி வாயு சேர்ந்திருந்த அறையின் கதவைத் திறந்தபோது வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் படுகாயம் அடைந்தார்கள். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயுவும் கலந்திருக்கும். கண்ணையும் நுரையீரலையும் அது கெடுக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லா லித்தியமும் ஒன்றல்ல. செல்போனிலும் பழைய பெரிய நிலையங்களிலும் நிக்கல், கோபால்ட் கலந்த வகை அதிகம். இப்போது மின்சேமிப்பு நிலையங்களுக்குப் பெரும்பாலும் வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. இது அதிகச் சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், அறவே இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டாவது, பெட்டிகளுக்கு நடுவே விடும் இடைவெளி. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து நிலையத்தில் 2021 ஜூலை மாதம், சோதனை ஓட்டத்தின்போது குளிரூட்டும் திரவம் கசிந்து ஒரு பெட்டி எரிந்தது. அன்று காற்று பலமாக இருந்ததால் தீ பக்கத்துப் பெட்டியின் கூரை வழியாக உள்ளே போனது. 200-க்கு மேற்பட்ட பெட்டிகளில் எரிந்தது அந்த இரண்டு மட்டும்தான். பெட்டிகள் தனித்தனியாக நின்றது மற்றவற்றைக் காப்பாற்றியது. நம் கரையில் கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்றின் வேகம் உங்களுக்குத் தெரியும். ஆகவே இடைவெளி எத்தனை மீட்டர், எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டது என்று நாம் கேட்க வேண்டும். யு.எல். 9540ஏ என்ற தீப்பரவல் சோதனை உலக அளவில் நடக்கிறது. இங்கே வைக்கப்போகும் அதே மாடல் பெட்டிக்கு அந்தச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

தீயணைப்பு வண்டி வந்தால் அணைத்துவிடாதா?

பெரும்பாலும் எரிகிற பெட்டியை எரியவிட்டு, பக்கத்துப் பெட்டிகள் சூடாகாமல் தண்ணீர் அடிப்பதுதான் முறை. மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் அடிக்க வேண்டிவரும். நமக்கோ குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர். அது வராத நாளில் மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையில் கோரும் பெண்களை இன்றைக்கும் பார்க்கிறோம். அந்தத் தண்ணீருக்கு நிலையத்துக்குள்ளேயே தனித் தொட்டி வேண்டும். ஊர்த் தொட்டியை நம்பி இருக்கக் கூடாது.

அடித்த தண்ணீர் எங்கே போகும்? மீனுக்கு, அலையாத்திக்கு ஏதாவது ஆகுமா?

நான் இடத்தை மாற்றச் சொல்வதே இந்தக் கேள்வியால்தான். சாதாரண நாட்களில் இந்த நிலையத்திலிருந்து கடலுக்கு எதுவும் போகாது. அனல்மின் நிலையம்போல சுடுதண்ணீர் விடுவது, சாம்பல் கொட்டுவது எதுவும் இதில் இல்லை. மீனுக்கும் பாசிக்கும் பாதகம் இல்லை. கெட்ட நாளில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கே பழைய மின் நிலையத்தின் டர்பைன் கட்டிடத்துக்குள் 300 மெகாவாட் பேட்டரி அடுக்கி வைத்திருந்தார்கள். 2025 ஜனவரி 16 அன்று தீப்பிடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள், நெடுஞ்சாலை மூடப்பட்டது. அடுத்த மாதம் மறுபடியும் ஒருமுறை பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்த உப்பங்கழிச் சேற்றில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் அளவு பல மடங்கு ஏறியிருந்ததைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். அது மூடிய கட்டிடம், நிக்கல் கோபால்ட் வகை பேட்டரி. நமக்குச் சொல்லப்படுவது திறந்தவெளிப் பெட்டிகள், இரும்பு பாஸ்பேட் வகை. அதனால் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புகையும் சாம்பலும் கடைசியில் பக்கத்துக் கழிமுகத்தில்தான் போய்ப் படியும் என்பதை அந்த ஊர் காட்டிவிட்டது.

இப்போது காட்டப்படும் புறம்போக்கு, கண்மாய்க் கலிங்கிலிருந்து வரும் ஓடைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அந்த ஓடை அலையாத்திக் காட்டு வழியாகக் கடலில் சேர்கிறது. இறால் குஞ்சும் நண்டும் வளரும் இடம் அது. காரங்காட்டில் அலையாத்தியைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் படகேறி வருகிறார்கள். நாம் நம்முடையதை அடித்த தண்ணீர் வடியும் வாய்க்காலாக ஆக்கக் கூடாது. துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் மேற்கே மேடான பட்டா நிலம் கிடக்கிறது. சீமைக்கருவேலம் மண்டிக் கரிமூட்டம் போடுவதற்கு மட்டும் பயன்படும் நிலம் அது. கம்பி இழுக்கும் தூரமும் குறையும். நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. கொடுக்கட்டும்.

உப்புக்காற்றில் இந்தப் பெட்டிகள் நிற்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு வெல்டிங் பட்டறைத் தம்பி. இதைவிட நல்ல கேள்வி இந்த மூன்று வாரத்தில் வரவில்லை.

கடற்கரை லைனில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். உள்நாட்டில் வருஷக்கணக்கில் தாங்கும் கிளாம்பு இங்கே சீக்கிரமே பொடிப்பொடியாக உதிரும். பீங்கான் இன்சுலேட்டரில் உப்புப் படிந்து, விடியற்காலைப் பனி ஈரத்தில் மின்சாரம் அதன்மேல் ஊர்ந்து 'சர்ர்ர்' என்று சத்தம் வரும். முதல் மழைத் தூறலில் லைன் ட்ரிப் ஆகும். ஏணி போட்டு ஏறித் துணியால் துடைத்திருக்கிறோம். பேட்டரிப் பெட்டிக்கும் இதே எதிரிதான். உப்பு ஈரம் உள்ளே போனால் இணைப்புகளில் களிம்பு பிடிக்கும், மின்கசிவு வரும். குளிரூட்டியின் வெளித்தகடு அரித்துப்போனால் உள்ளே சூடு ஏறும். முன்னால் சொன்ன இழப்புச் சூடு எப்போதும் இருப்பதால், நம் சித்திரை வெயிலில் குளிரூட்டி நின்றால் கதையே மாறிவிடும். இந்தச் செல்கள் 25 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் நீண்ட நாள் உழைக்கும்.

துருப்பிடிப்புக்கென்று சர்வதேசத் தர வகுப்பு உண்டு. கடற்கரைக்கு சி5 வகுப்பு வேண்டும். ஒப்பந்தத்தில் எந்த வகுப்பு எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். "எல்லாம் நல்ல பெயின்ட்தான்" என்று பதில் வந்தால் அது பதில் இல்லை.

மழை, புயல் வந்தால்?

1964 டிசம்பர் தனுஷ்கோடி புயலை நம் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அது இருக்கட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை நம் ஓடைக்கரையில் பெய்தால் இப்போது காட்டும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பீடத்தின் உயரத்தை எந்த வெள்ளத்தை வைத்துக் கணக்கிட்டார்கள்? உப்புத்தண்ணீர் பெட்டிக்குள் புகுந்தால் அன்றைக்கு இல்லாவிட்டாலும் சில நாள் கழித்துத் தீப்பிடிக்கலாம். வாடைக்காலம் முழுக்க நமக்கு இது வெறும் யோசனை இல்லை.

"அண்ணே, நாங்க கருவாடு காயப்போடுற இடம் போயிருமா?"

அந்தப் புறம்போக்கின் கிழக்கு ஓரம் வரைபடத்தில் காலியாகத்தான் தெரியும். நீங்கள் தலைமுறையாகக் காயப்போடும் இடம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால் சபையில் எழுந்து நின்று சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சர்வே எண், புலப்படம், அ பதிவேடு மூன்றையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, நிலம் மேய்ச்சல் புறம்போக்கா, ஓடைப் புறம்போக்கா, எந்த வகை என்று பாருங்கள். கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அந்தக் கோட்டை இந்தச் சர்வே எண்மேல் வரைந்து காட்ட வேண்டியது இடம் கேட்பவர்களின் பொறுப்பு.

கலெக்டர் வந்து கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவாரா?

அதை நம்பி இருக்காதீர்கள். அனல்மின் நிலையம் போன்றவற்றுக்கு 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி ஆய்வும் கருத்துக்கேட்பும் உண்டு. அந்தப் பட்டியலில் பேட்டரி சேமிப்பு நிலையம் என்று தனி இனம் கிடையாது. மின்பாதுகாப்பை அரசின் மின் ஆய்வாளர் பார்ப்பார். கட்டிடம், தீயணைப்பு, கடலோர மண்டலம் ஆகியவற்றை அந்தந்தத் துறை பார்க்கும். எல்லாம் தனித்தனி மேசை. ஊர் மொத்தமாக உட்கார்ந்து எல்லாக் கேள்வியையும் ஒரே இடத்தில் கேட்கும் சபை நமக்குக் கிராம சபை ஒன்றுதான். அதனால்தான் அக்டோபர் 2-க்காக நான் இவ்வளவு தொண்டை வறளப் பேசுகிறேன்.

இன்னொரு விஷயம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த நம் ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. வார்டு உறுப்பினர் நமக்காகப் பேசுவார் என்று விட்டுவிட முடியாது.

இலவச மின்சாரம், வேலை கிடைக்குமா?

மின்சாரம் துணை மின்நிலையத்துக்குப் போய் மாநிலம் முழுவதற்கும் சேரும். நமக்கென்று தனி லைன் வராது. கட்டும்போது சில மாதம் கூலி வேலை இருக்கும். ஓட ஆரம்பித்த பிறகு காவலுக்கும் பராமரிப்புக்கும் விரல்விட்டு எண்ணும் ஆட்கள் போதும்.

சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் என்று பேச்சு ஓடுகிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி அந்த நிதி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவுசெலவோ சொத்தோ உள்ள கம்பெனிக்குத்தான் கட்டாயம். கணக்குப் போடுவதும் முந்தைய மூன்று வருஷ லாபத்தை வைத்துத்தான். இந்தத் திட்டத்துக்கென்றே புதிதாகப் பதிவு செய்த கம்பெனியாக இருந்தால் ஆரம்ப வருஷங்களில் சட்டப்படி ஒன்றும் வராமல் போகலாம். ஆகவே வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.

சத்தம் வருமா? கதிர்வீச்சு?

கதிர்வீச்சு பயம் வேண்டாம். சத்தம் உண்டு: குளிரூட்டி விசிறியும் இன்வெர்ட்டர் ரீங்காரமும். இரவில்தான் தெரியும். வீடுகளிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி இருந்தால் தொந்தரவு இராது.

பேட்டரி தீர்ந்த பிறகு?

பன்னிரண்டு முதல் பதினைந்து வருஷம் உழைக்கும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பொறுப்பு. விதி இருக்கிறது, நல்லது. ஆனால் கம்பெனி கைமாறினாலோ நொடித்துப்போனாலோ பெட்டிகள் நம் மண்ணில் துருப்பிடித்து நிற்கும். இடத்தைச் சுத்தம் செய்து திருப்பித் தருவதற்கான வைப்புத்தொகையை இப்போதே கட்டச் சொல்லித் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும்.

உப்பூரில் நிறுத்தியதுபோல இதையும் நிறுத்திவிட்டால் என்ன?

கோபத்தோடு கேட்ட ஒரு மீனவத் தம்பிக்குச் சொன்னதையே சொல்கிறேன். உப்பூரில் வரவிருந்தது 1,600 மெகாவாட் நிலக்கரி நிலையம். கடலுக்கும் வயலுக்கும் அது செய்யக்கூடியதை நினைத்து மக்கள் எதிர்த்தார்கள். 2021-இல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. நிலக்கரி வேண்டாம் என்று சொன்ன நாம், நிலக்கரியைக் குறைக்கும் ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்றால் அடுத்த முறை நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது. வா, ஆனால் மேற்கே தள்ளி வா, காகிதத்தோடு வா என்று சொல்லலாம்.

வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வந்தால்?

போடாதீர்கள். சபைக்கு வந்து போடுங்கள். 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள நம்மைப் போன்ற ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்து, வந்ததற்கான அடையாளம் மட்டுமே. தீர்மானத்துக்கு ஒப்புதல் ஆகாது. தீர்மானத்தை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். இடம், தண்ணீர்த் தொட்டி, சோதனை அறிக்கை, வைப்புத்தொகை நான்கும் அதில் இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லலாம். எழுதியதன் நகலை அங்கேயே கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், மனு எழுத நான் உட்காருகிறேன். அன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று கரையில் பேசி வைத்திருக்கிறார்கள். கூட்டம் காலை பதினொரு மணிக்கு, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில்.